கிறவல் றோட்டுக்காக நூறு கிலோமீற்றர்

1

நான் மொன்றியலுக்கு வந்து இந்தச் செப்டம்பரோடு இருபத்தைந்து வருடம். அதைக் கொண்டாட என்ன வேண்டும் என்று மகள் ஆரணி கேட்டாள். தார் போடாத, சரளைக்கல் பரவிய கிறவல் றோட்டில் ஒரு முழு நாள் சைக்கிள் ஓட வேண்டும் என்றேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். திருகோணமலைக்கு வெளியே, சாம்பல்தீவுப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் போனதும் கிறவல் றோட்டுத்தான். மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. வெள்ளைச் சீருடையில் வெளிக்கிட்டுச் சிவப்புச் சீருடையில் பள்ளிக்கூடம் போய்ச் சேருவேன். போதாததற்கு இரண்டு இடத்தில் ஆமிச் சென்றி. ஒவ்வொன்றிலும் சைக்கிளால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, உருட்டிக்கொண்டு போய், திரும்ப ஏற வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் தார் போடுவதாகச் சொன்னார்கள். நான் நாட்டை விட்டு வெளிக்கிடும்வரை போடவில்லை. அந்த றோட்டை நினைத்து நான் ஒருநாளும் ஏங்கியதில்லை.

இப்போது ஐம்பத்தொரு வயதில், காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நூறு கிலோமீற்றர் வடக்கே போய், தார் முடிகிற இடத்தில் இறங்கி ஓடுகிறேன்.

தொடங்கியது ஐந்து வருடத்துக்கு முன்பு. சீனி வருத்தம் தொடங்குகிற எல்லையில் நிற்கிறேன் என்று வைத்தியர் சொன்னார். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஆரணியின் பழைய சைக்கிள் ஒன்று கிடந்தது. அதில் முதலில் பூங்காவைச் சுற்றினேன். பிறகு கால்வாய்க்கரை. ஒரு வருடத்தில் தார் றோட்டு அலுத்துவிட்டது. ஆரணி தேடிப்பிடித்துக் கிறவல் ஓடுகிற சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கித் தந்தாள். பார்வைக்குப் பந்தயச் சைக்கிள் மாதிரி வளைந்த ஹாண்டில். ரயர் மட்டும் தடிப்பு. காற்றைக் குறைவாக அடிக்க வேண்டும். கல்லின் மேல் ரயர் கொஞ்சம் அமுங்கினால்தான் பிடித்துக்கொள்ளும். கர்க்லாண்டில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போயிருந்தபோது நான் சைக்கிள் ஓடுவதாகக் கேள்விப்பட்ட ஒருவர், உங்கட கார் பழுதோ என்று உண்மையான கவலையோடு விசாரித்தார்.

2

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரின் கிழக்கே, துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொண்டெய்னர் லொறிகளை அனுப்புகிற ஒரு கந்தோரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். எந்த லொறி எங்கே நிற்கிறது என்று சாரதியிடம் கேட்டுப் பிடித்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. என்னுடைய பிரெஞ்சு அந்தச் சாரதிகளிடம் பொறுக்கிய பிரெஞ்சு. சத்தமாக வரும். இலக்கணத்தோடு வராது.

ஆரணிக்கு அது வெட்கம். பதின்மூன்று வயதில், பள்ளிக்கூட ஆசிரியரைப் பார்க்கப் போன இடத்தில், "அம்மா, நீங்கள் கதைக்காதேங்கோ, நான் சொல்லுறன்" என்றாள். அன்றிலிருந்து வங்கி, வைத்தியர், வாகனப் பதிவுக் கந்தோர் எங்கே போனாலும் அவளே முன்னுக்கு நின்று கதைத்தாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் குடும்பம் அப்படியே பத்து வருடம் ஓடியது.

அவள் படித்தது நிலவியல். அந்தப் படிப்புத்தான் அவளைத் திரும்பத் தமிழுக்குக் கூட்டிவந்தது என்றால் நம்பமாட்டீர்கள். பாதையில் என்னோடு வரும்போது எதைக் கண்டாலும் விளக்க வேண்டும் அவளுக்கு. எனக்கு விளங்க வேண்டுமென்றால் தமிழில்தானே சொல்ல வேண்டும்.

இருபத்தைந்து வருடத்தைக் கொண்டாட வைத்த அந்தச் சனிக்கிழமை நாங்கள் லோரன்சியன் மலைகளில் ஒரு சின்ன ஊரின் தேவாலயத்துக்குப் பின்னால் காரை விட்டோம். அறுபத்திரண்டு கிலோமீற்றர் ஓடத் திட்டம் போட்டிருந்தோம். முதல் பத்தும் பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுப் பொடிக்கல் பரவியிருப்பார்கள், பாய் விரித்த மாதிரி இருக்கும். அதன் பிறகு காடு. மேப்பிள் மரங்கள் உச்சியில் மட்டும் சிவந்திருந்தன. வேட்டைக் காலம் என்பதால் இருவரும் செம்மஞ்சள் மேலங்கி போட்டிருந்தோம்.

ஒரு நீளமான மேட்டின் முதுகில் பாதை போனது. இரண்டு பக்கமும் சரிவு, சரிவின் கீழே சின்னச் சின்ன ஏரிகள். ஆரணி என் பக்கத்தில் வந்து ஓடினாள். இது ஆட்கள் போட்ட அணை இல்லை என்றாள். ஒரு காலத்தில் இந்த நாடு முழுவதும் ஒரு மைல் தடிப்புக்கு ஐஸ் கிடந்ததாம். அதற்கு அடியில் ஆறுகள் ஓடியிருக்கின்றன. அவை கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கூழாங்கல்லும்தான் இந்த மேடு. பெரிய ஐஸ் கட்டிகள் மண்ணுக்குள் தாண்டு கிடந்து, மெதுவாக உருகி, அந்தக் குழிகளில் நின்ற தண்ணீர்தான் இந்த ஏரிகள்.

சொல்லுக்குச் சொல் நின்று நின்றுதான் சொன்னாள். அமிழ்ந்து என்பதற்கு ஊரில் சொல்கிற 'தாண்டு' என்ற சொல்லை எங்கே பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்வதைக் கேட்டபடி மிதித்தேன். ஏற்றம் தெரியவில்லை.

3

லக் ரோன் என்ற ஏரியின் கரையில் சாப்பிட நின்றோம். வட்ட ஏரி என்று அர்த்தம். எங்கள் சமையலறை அளவுக்கு ஒரு பாறை கரையில் தனியாகக் கிடந்தது. அதையும் ஐஸ்தான் எங்கிருந்தோ உருட்டி வந்து போட்டதாம். அதில் சாய்ந்து உட்கார்ந்து, சீனிச்சம்பல் வைத்த பாணைச் சாப்பிட்டோம். பாதிப் பாணில் அவள் நிறுத்தினாள்.

அபிதிபியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். மொன்றியலில் இருந்து வடமேற்கே எட்டு மணித்தியாலம். நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுகிற வேலை, நிரந்தரம், ஒக்ரோபர் கடைசியில் தொடங்குகிறது. கையெழுத்து வைத்து இரண்டு கிழமையாகிவிட்டதாம். அப்பாவுக்குத் தெரியுமாம்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது.

"நாங்கள் இவ்வளவு பாடுபட்டு ஒரு ஊரில காலூண்டினது, நீ காட்டுக்குள்ள போய் இருக்கிறதுக்கோ?" என்று கேட்டேன்.

"அம்மா, எனக்கு இருபத்திநாலு வயசு."

"அதுக்கு?"

அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். பிரெஞ்சில் வேகமாக எதையோ சொன்னாள். பாதிதான் விளங்கியது; அந்தப் பாதியே போதுமாக இருந்தது. நீங்கள் உங்கள் அம்மாவைக் கேட்டா வந்தீர்கள் என்பது அதில் ஒன்று. நான் கேட்டுக்கொண்டு வரவில்லை. சொல்லிக்கொண்டுதான் வந்தேன். பாணைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, ஹெல்மெற்றைப் போட்டு, அவளுக்காகக் காத்திருக்காமல் சைக்கிளை எடுத்தேன்.

பாதை ஏரியைச் சுற்றி ஏறி, மறுகரையில் சடாரென்று இறங்கியது. இறக்கத்தின் நடுவில் ஒரு வளைவு. அங்கே யாரோ புதிதாகக் கல் கொட்டிப் பரவியிருந்தார்கள். இறுகாத கல். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கைத் தொடாமல் விட்டுக் கடந்துவிட்டேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் ஆபத்தைக் கண்டால் 'கல்லு' என்றோ 'கிடங்கு' என்றோ பின்னால் வருகிறவருக்குக் கத்த வேண்டும். நான் கத்தவில்லை. அவள் பின்னால் வருவது எனக்குத் தெரியும். கோபத்தில் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கணம் சைக்கிள் இழுபட்ட சத்தம் கேட்டது.

திரும்பி ஓடினேன். ஆரணி வளைவுக்கு வெளியே புல்லில் கிடந்தாள். ஹெல்மெற் ஒரு பக்கம் வெடித்திருந்தது. இடது தோளுக்குக் கீழே எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது. கண் திறந்திருந்தது, பேசினாள். ஆனால் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். ஒரு நிமிடம் கழித்து அதையே திரும்பக் கேட்டாள். அப்போதுதான் தலையில் அடி பலம் என்று எனக்கு விளங்கியது.

அவளுடைய ஃபோன் உடைந்துவிட்டது. என்னுடையதில் சிக்னல் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பாதையில் ஒரு மனிதரைக்கூட நாங்கள் காணவில்லை. காலையில் கணவருக்குப் படம் அனுப்பிய மேடு ஆறு கிலோமீற்றர் பின்னால் இருந்தது. அங்கே சிக்னல் இருந்தது நினைவிருந்தது.

தலையில் அடிபட்ட பிள்ளையைக் காட்டில் தனியே விட்டுப் போவதா, யாராவது வருவார்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதா? ஐந்து நிமிடம் இருந்தேன். யாரும் வரவில்லை. என் மழை அங்கியால் அவளைப் போர்த்தினேன். செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றிப் பாதையோரக் கிளையில், தூரத்தில் வருகிறவருக்கும் தெரிகிற மாதிரிக் கட்டினேன். எழும்பாதே, நித்திரை கொள்ளாதே, அரை மணித்தியாலத்தில் வாறன் என்றேன்.

"போகாதேங்கோ" என்றாள்.

நான் சைக்கிளில் ஏறினேன். பின்னால் அம்மா என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

4

அந்த ஆறு கிலோமீற்றரை நான் எப்படி ஓடினேன் என்று பலர் கேட்டார்கள். நன்றாக ஓடினேன் என்பதுதான் பதில். ஐந்து வருடத்துப் பழக்கம் கால்களில் இருந்தது. எந்த ஏற்றத்தில் எந்தக் கியர் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அழவில்லை. மூச்சை வீணாக்கக்கூடாது என்று ஒரே நினைப்பு. வழியில் கண்ட அடையாளங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்: பதினான்காம் கிலோமீற்றர் என்று போட்ட மஞ்சள் பலகை, பச்சைக் கூரைக் குடில், ஒடுக்கமான மரப்பாலம்.

மேட்டில் சிக்னல் வந்தது. அவசர இலக்கத்தை அடித்தேன். எடுத்தது ஒரு இளம் பெண் குரல்.

என் மகள் ஏரியடியில் விழுந்துவிட்டாள் என்று சொல்ல நினைத்தேன். தோம்பே தோன் லு லக் என்று வாயில் வந்தது. தமிழில் நாங்கள் கடையில் விழுந்தாள் என்றும் சொல்வோம், கிணற்றில் விழுந்தாள் என்றும் சொல்வோம், ஒரே 'இல்'. பிரெஞ்சில் அப்படி இல்லை. நான் சொன்னது ஏரிக்குள் விழுந்தாள் என்று.

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. தலை தண்ணீருக்கு மேலே தெரிகிறதா, மூச்சு இருக்கிறதா, எத்தனை நிமிடம் ஆகிறது என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். தண்ணீருக்குள் இறங்கித் தேடச் சுழியோடிகள் வேண்டும் என்று யாரிடமோ சொல்வதும் கேட்டது. எனக்கு ஒரு விநாடி எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும், பதின்மூன்று வயது ஆரணி என் கையைப் பிடித்து இழுத்து, நீங்கள் கதைக்காதேங்கோ என்று சொல்வது போல இருந்தது.

ஆனால் கதைக்க அங்கே வேறு யாரும் இல்லை.

கந்தோரில் சாரதி ஒருவர் பதற்றத்தில் உளறினால் நான் என்ன செய்வேன்? நிறுத்து, முதலிலிருந்து வா என்பேன். அதையே எனக்குச் சொன்னேன். "மடாம், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். தண்ணீர் இல்லை. சைக்கிள். றோட்டில் விழுந்தாள். தலையில் அடி, தோள் எலும்பு முறிவு, நினைவு இருக்கிறது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது. அவளுக்கு விளங்கியது.

எந்த ஏரி என்று கேட்டாள். லக் ரோன் என்றேன். அந்த வட்டாரத்தில் மட்டும் மூன்று லக் ரோன் இருக்கிறதாம். இந்த மாகாணத்தில் வட்டமாக எதைக் கண்டாலும் அந்தப் பெயர்தான். என் ஃபோன் நான் நிற்கிற இடத்தைக் காட்டும். ஆரணி கிடக்கிற இடத்தைக் காட்டாது. அப்போதுதான் வழியில் வாய்க்குள் சொல்லி வந்ததெல்லாம் உதவியது. நான் நிற்கிற சந்தியில் இருந்து மேற்கே, மரப்பாலம் தாண்டி, பச்சைக் கூரைக் குடிலில் இடது, பதினான்காம் பலகையில் இருந்து எண்ணூறு மீற்றர், இறக்கத்தின் வளைவில் வலது பக்கப் புல், கிளையில் செம்மஞ்சள் துணி. பாலம் ஒடுக்கம், அம்புலன்ஸ் போகாது, சின்ன வாகனம் அனுப்புங்கள் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் தட்டெழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மிக நல்லது மடாம், அங்கேயே நில்லுங்கள் என்றாள்.

நின்றேன். முழு நாளிலும் அதுதான் கஷ்டம். பதினெட்டு நிமிடம்.

5

ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்து மூன்று பேர், காட்டுக்குள் ஓடுகிற நாற்சக்கர வண்டியில் வந்தார்கள். என் வயதுப் பெண் ஒருவர்தான் தலைவி. என்னைப் பின்னால் ஏற்றினார்கள். துணி கட்டிய கிளையைக் கண்டதும் அவரே முதலில் கையைக் காட்டினார். ஆரணி விழித்திருந்தாள். குளிரில் உதடு நீலம். என்னைக் கண்டதும் இன்றைக்குச் சனிக்கிழமை என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் ஒரு சின்னச் சிக்கல். கணவர் அதற்குள் வந்துவிட்டார். தாய் சுகந்தி தர்மலிங்கம், தகப்பன் சிவகுமார் நடராசா, மகள் ஆரணி சிவகுமார். இங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கள் குடும்பப் பெயரையே வைத்திருப்பதால் என் பெயரில் பிரச்சினை இல்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குடும்பப் பெயர் இல்லாதது எப்படி என்றுதான் மேசையில் இருந்தவர் குழம்பினார். கணவர் பழக்கதோஷத்தில் ஆரணி எங்கே என்று பார்த்தார். இப்படியான இடங்களில் அவள்தானே கதைப்பாள். நான் முன்னுக்குப் போனேன். எங்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர், ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும் என்று இரண்டே வசனத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

தோள் எலும்பு முறிவு, மூளைக்கு இலேசான அதிர்ச்சி. ஒரு நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை நான் போனபோது அவள் தெளிவாக இருந்தாள். கணவர் தேத்தண்ணிப் போத்தலோடு என் பின்னால் வந்தார். அபிதிபி விசயத்தை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று வரும் வழியிலேயே கேட்டிருந்தேன். "உமக்கு ஆர் சொல்லுறது?" என்றார். பயந்துதான் இருந்திருக்கிறார். அறையில் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாகனத் தரிப்புச் சீட்டுப் பார்க்கப் போவதாக வெளியே நழுவினார்.

ஆரணி கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் கூப்பிட்டது கேட்டதா?"

"கேட்டது."

"நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை."

"பாத்திருந்தால் நான் போயிருக்க மாட்டன், ஆரணி."

அவள் தலையை ஆட்டினாள். நான் மற்றதையும் சொன்னேன். வளைவில் கல்லைக் கண்டும் கத்தாமல் விட்டேன், கோபத்தில்தான் விட்டேன், அது என் பிழை என்றேன். அந்த வசனத்தைச் சொல்ல இரவு முழுக்க ஆயத்தம் செய்திருந்தேன். சொன்னபோது ஆயத்தம் செய்த மாதிரி வரவில்லை.

"நானும் வேகமா வந்தனான். உங்களைப் பிடிக்க" என்றாள். பிறகு தயங்கி, "நான் அபிதிபிக்கு வரேல்லை எண்டு அவையளுக்கு எழுதட்டா?" என்று கேட்டாள்.

எழுது என்று சொல்லியிருக்கலாம். அவள் எழுதியிருப்பாள். அந்த நிமிடத்தில் அவளுக்கு மறுக்கப் பலம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"வேண்டாம். போ. இனிமேல் மட்டும் முடிவெடுத்தாப் பிறகு வந்து சொல்லாத. முதலே சொல்லு. நான் கத்துவன்தான். கத்தட்டும் எண்டு விடு."

அவள் சிரித்தாள். தோள் நொந்து உடனே நிறுத்தினாள்.

6

ஒக்ரோபர் கடைசியில் அவள் கை இன்னும் கழுத்தில் கட்டிய தூக்குத் துணியில்தான் இருந்தது. கார் ஓட முடியாது. கணவருக்கு அந்தக் கிழமை லீவு கிடைக்கவில்லை. நான் ஓடினேன். மொன்றியலில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே மூச்சில் நான் ஓடியதில்லை. எட்டு மணித்தியாலத்தில் பாதி காடு. வீடில்லை, கடையில்லை. ஏரி, ஊசியிலை மரம், திரும்ப ஏரி. ஆரணி பக்கத்து இருக்கையில் இருந்து, எது ஐஸ் சுரண்டிய பாறை, எது ஐஸ் விட்டுப்போன மண் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

மலைகள் முடிந்து நிலம் தட்டையானது. அவளுடைய வீடு ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை. யன்னலில் சூடு வெளியேறாமல் அடைக்கிற நாடாவை நானே ஒட்டினேன். அவளுடைய சுகாதார அட்டைக்கும் சாரதி அனுமதிக்கும் விலாசம் மாற்றுகிற படிவத்தை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். ஒரு கேள்வி அவளுக்கு விளங்காமல் என்னைக் கேட்டாள். கந்தோரில் தினமும் காண்கிற சொல், சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை அவள் வேலைக்கு வெளிக்கிட்டாள். முதல் நாள் என்பதால் வாசலில் நின்று இரண்டு தரம் பையைத் திறந்து பார்த்தாள். நான் அவளுடைய கழுத்துத் துணியைச் சரிசெய்தேன். அவள் தெருவின் முடிவில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, காரில் ஏறினேன்.

எட்டு மணித்தியாலம் தனியே. முதல் ஒரு மணித்தியாலம் வானொலியைக்கூடப் போடவில்லை. பக்கத்து இருக்கையில் அவளுடைய தலைமயிர் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட மனம் வரவில்லை. பிறகு காடு தொடங்கியது, கண் தன்பாட்டில் கிறவல் றோட்டைத் தேடத் தொடங்கியது. ஓரிடத்தில் பிரதான பாதையில் இருந்து ஒரு கிறவல் றோட்டு வலது பக்கம் பிரிந்தது. மேட்டின் முதுகோடு நேராக, இரண்டு பக்கமும் தண்ணீர். காரை ஓரம் கட்டி இறங்கினேன். கால்பாதத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல இறுக்கம். அந்த இடத்துக் கிலோமீற்றரைக் கையிலேயே எழுதிக்கொண்டேன்.

ஃபோன் வேலை செய்த முதல் இடம் ஒரு பெற்றோல் நிலையம். ஆரணிக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருந்தது. எடுத்தாள். வேலை எப்படி என்று கேட்டேன். நல்லாயிருக்கு, எல்லாரும் வேகமாகக் கதைக்கிறார்கள் என்றாள். நான் கண்ட றோட்டைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய இடத்துக்கும் வில்லரேக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது என்றேன்.

"ஏத்தம் இருக்கா?"

"பெரிசா இல்லை. மேட்டில போகுது. ரெண்டு பக்கமும் ஏரி."

அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டது கேட்டது. பிரெஞ்சில் ஒரு நிமிடம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தாள்.

"பனி போனதும் வாறன், அம்மா. நீங்களும் வாங்கோ."

ஓம் என்றேன். ரேங்கை நிரப்பி, ஒரு கோப்பி வாங்கி, காரை எடுத்தேன். இன்னும் நாலு மணித்தியாலம் ஓட இருந்தது.